தேயட்டும் நம் புத்தகங்கள்

பெரும் பொறுப்போடும் அதைவிடப் பெரிய பொறுமையோடும் இந்தப் பேரவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பள்ளித் தாளாளர் அவர்களே! பள்ளிக்கூரை ஒழுகினாலும் தன் முகத்தில் ஒரு சொட்டுக் கவலையும் ஒழுகாமல் காத்துவரும் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே! வரவையும் செலவையும் இரு கண்களாகப் போற்றி, அவற்றுள் செலவுக் கண்ணை மட்டும் சற்றே இடுக்கி வைத்திருக்கும் பொருளாளர் அவர்களே! சொன்னதையே சொல்லிச் சொல்லித் தொண்டை தேய்ந்த என் ஆசிரியத் தோழர்களே! முதல் ஆளாய் வந்து முன்வரிசையை நிரப்பியிருக்கும் பெரியோர்களே! வேலையிடத்திலிருந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கு வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலிகள் காலியாக இருந்தும், எந்த நேரமும் நழுவ வசதியாகச் சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் தந்தைமார்களே! இவர்கள் அனைவருக்கும் பின்னால், கதவோரத்துக் கடைசி நாற்காலியில், யார் கண்ணிலும் படாமல் இருக்கப் பார்க்கும் எங்கள் நூலகர் அம்மா அவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். இந்தப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'தராசு'. அரை மதிப்பெண்ணையும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்பதற்காக வைத்த பெயர். அங்கே சிரிக்கிறீர்களே, அம்மா, உங்கள் மகன்தான் அதை முதலில் கரும்பலகையில் எழுதியவன் என்பதும் எனக்குத் தெரியும். நல்ல கையெழுத்து. அழிக்க மனமில்லாமல் ஒரு பாடவேளை முழுக்க அப்படியே விட்டுவைத்தேன்.

அந்தத் தராசிடம்தான் இந்த ஆண்டு நூலக இருப்புச் சரிபார்ப்பு வேலையைக் கொடுத்தார்கள். அலமாரியில் என்னென்ன புத்தகங்கள் இருக்க வேண்டும், என்னென்ன இருக்கின்றன என்று பார்த்துச் சொல்லும் வேலை. பார்த்தேன். குறைந்தது. குறைகிறது என்று எழுதிக் கொடுத்தேன். அதை வைத்துக்கொண்டு பொருளாளர் அவர்கள் இன்று ஒரு தீர்மானத்தை உங்கள் முன் வைத்திருக்கிறார். காணாமற்போன புத்தகங்களின் விலையை நூலகர் அம்மாவின் சம்பளத்தில் பிடிக்க வேண்டும் என்பது தீர்மானம். இன்னும் சற்று நேரத்தில் நீங்கள் கை தூக்கப்போகிறீர்கள். தூக்குவதற்கு முன், எழுதிக் கொடுத்தவள் என்ற முறையில் எனக்குச் சில நிமிடங்கள் வேண்டும்.

எத்தனை குறைந்தது என்று பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார். சொல்ல மாட்டேன், ஐயா. கணக்கு டீச்சர் எண்ணைச் சொன்னால் நீங்கள் எண்ணைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவீர்கள். கொஞ்சமில்லை, அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

பழைய கதையிலிருந்து வருகிறேன். இந்த அம்மாவுக்கு முன்னால் நூலகத்தில் ஒரு சார் இருந்தார். பிள்ளைகள் அவரைப் 'பூட்டு சார்' என்பார்கள். நல்ல மனிதர். அதிர்ந்து பேசாதவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கேட்ட பிள்ளைக்கெல்லாம் புத்தகம் எடுத்துக் கொடுத்தவர். அந்த ஆண்டு ஒரு பெரிய அகராதி காணாமற்போனது. தொலைந்தால் நூலகர்தான் விலை கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது அல்லவா? விலையைச் சம்பளத்தில் பிடித்தார்கள். அவர் வீட்டில் அந்த மாதம் என்ன பாடு பட்டார்களோ, அவர் யாரிடமும் சொல்லவில்லை. மறுவாரம் ஒரு கண்ணாடி அலமாரி செய்யச் சொன்னார். பூட்டு வாங்கினார். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

அன்று முதல் நம் நூலகத்தில் ஒரு புத்தகமும் தொலையவில்லை. புதிய புத்தகம் வந்தால் காகித அட்டை போட்டு, எண் ஒட்டி, அந்துருண்டை வைத்து, கண்ணாடிக்குள் அடுக்கிவிடுவார். பிள்ளைகள் வெளியே நின்று புத்தக முதுகில் இருக்கும் பெயர்களைப் படிப்பார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, இங்கே கைக்கும் எட்டவில்லை, கண்ணோடு சரி. முன்னும் சில ஆண்டுகள் சரிபார்ப்புக்கு நான் போயிருக்கிறேன். தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். போன வருடம் எந்தப் புத்தகத்துக்குப் பக்கத்தில் எது இருந்ததோ, இந்த வருடமும் அதனதன் பக்கத்தில் அதது. கல்லறையிலும் ஆள் குறைவதில்லை, தோழர்களே. நாம் அவருக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தோம்.

பிறகு என்ன நடந்தது? யாரும் படிப்பதில்லை என்று நாமே கண்டுபிடித்தோம். யாரும் படிக்காத இடத்துக்கு எதற்குப் பணம் என்று நாமே கேட்டோம். புத்தகத்துக்கென்று இருந்த தொகையை எடுத்து மின்விசிறிக்குக் கொடுத்தோம், கூரைக்குக் கொடுத்தோம், குடிநீர்த் தொட்டிக்குக் கொடுத்தோம். நூலகரின் முழுநேர வேலையை அரைநேர வேலையாக்கினோம். யானை வாங்கியாயிற்று, அங்குசம் வாங்கத்தான் மனமில்லை. விசிறி வேண்டாமா என்று கேட்காதீர்கள். வேண்டும். வெயில் நேரத்தில் என் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? பள்ளியில் பணம் குறைவு என்பது பொருளாளரின் குற்றமில்லை. அவரிடம் இருப்பதைத்தான் அவர் பங்கு போட முடியும்.

பூட்டு சார் ஓய்வு பெற்றார். அரைச் சம்பளத்துக்கு இந்த அம்மா வந்தார். வந்த முதல் வாரம் என்ன கேட்டார் தெரியுமா? புதுப் புத்தகம் கேட்டாரா? இல்லை. புது மேசை கேட்டாரா? இல்லை. ஒரு தச்சரைக் கேட்டார். நம் பெற்றோர்களில் ஒருவர்தான், இந்தக் கூட்டத்தில்தான் எங்கோ இருக்கிறார். வந்து நின்ற தச்சரிடம் கண்ணாடி அலமாரியின் கதவுகளைக் கழற்றச் சொன்னார். தச்சர் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னாராம்:

"எல்லாரும் கதவு போடத்தாம்மா என்னைக் கூப்பிடுவாங்க. கழட்டக் கூப்பிட்ட மொத ஆளு நீங்கதான்."

கூலி வாங்கவில்லை அவர். கழற்றிய பலகைகளை வைத்து ஒரு சாய்வு மேசையும் அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

கதவு போனது, பிள்ளைகள் வந்தார்கள். வந்தவர்கள் என்ன கேட்டார்கள்? நாம் வாங்கி வைத்த தடித்தடிக் கலைக்களஞ்சியத்தையா? அதை ஈ கூடக் கேட்கவில்லை. நுழைவுத் தேர்வுக்குப் பழைய வினாத்தாள் இருக்கிறதா என்றார்கள். போன் ரிப்பேர் பற்றி ஏதாவது உண்டா என்றார்கள். விண்ணப்பம் அனுப்பக் கணினி கிடைக்குமா, பிரிண்ட் எடுக்க முடியுமா, சண்டை போடும் வீட்டிலிருந்து வந்தவன் சும்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாமா என்றெல்லாம் கேட்டார்கள். வேலை தேடி இந்த ஊருக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள், இந்தப் பள்ளியின் மொழியே தெரியாமல் கதவருகே நின்றார்கள். தேவை மாறிவிட்டது. தொகை மாறவில்லை. மாறியது என்றால் குறைந்ததுதான் மாற்றம்.

கிழிந்ததைப் பசை காய்ச்சி ஒட்டினார் அந்த அம்மா. தேர்வு முடித்துப் போகும் பிள்ளைகளிடம் கையேந்திப் பழைய வழிகாட்டி நூல்களை வாங்கி அடுக்கினார். பக்கத்துப் பள்ளி நூலகரோடு பேசி, மாதம் ஒரு பெட்டிப் புத்தகம் இங்கிருந்து அங்கும், அங்கிருந்து இங்கும் நம் பள்ளி வேனில் போய்வர ஏற்பாடு செய்தார். காசு செலவில்லாமல் பிள்ளைகளுக்கு மாதா மாதம் புதுப் புத்தகம். அந்தப் பெட்டியைத் தொலைந்த கணக்கில் நான் சேர்க்கவில்லை, பொருளாளர் அவர்களே. நீங்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிட்டேன்.

இன்னொன்று செய்தார். அதை நான் நேரில் பார்த்தேன். படங்கள் நிறைந்த எளிய கதைப் புத்தகங்களை எல்லா நூலகத்திலும் கீழ்த்தட்டில் வைப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு எட்ட வேண்டும் அல்லவா? இவர் அவற்றில் பாதியை எடுத்து மேல்தட்டில் வைத்தார். எனக்குக் கோபம் வந்தது. "ஏம்மா, சின்னதுங்களுக்கு எப்படி எட்டும்?" என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அது சின்னதுங்களுக்கு இல்ல டீச்சர். மீசை மொளச்சவனுங்களுக்கு. படிக்க வராம மேல் வகுப்பு வரைக்கும் வந்துட்டானுங்க. கீழ குனிஞ்சு எடுத்தா மத்தவன் சிரிப்பான்ல?"

உயரமான பிள்ளைகள் நின்ற வாக்கில் எடுத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவர்களில் ஒருவன் இந்த ஆண்டு என் வகுப்பில் வாய்விட்டுக் கணக்கைப் படித்துக் காட்டினான். கணக்கைத் தப்பாகப் போட்டான், அது வேறு விஷயம். படித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. தராசு அழுதது என்று பள்ளி முழுக்கப் பேசிக்கொண்டார்கள்.

சுவரோரம் நிற்கும் ஐயா ஏதோ சொல்கிறார். சத்தமாகச் சொல்லுங்கள். இப்போது எல்லாமே போனிலேயே கிடைக்கிறதே என்கிறார். கிடைக்கிறது, ஐயா. ஒரு கேள்விக்கு ஒன்பது விடை கிடைக்கிறது. எது சரி என்று பார்க்கத்தான் பிள்ளைகள் அந்த அறைக்கு ஓடுகிறார்கள். இரண்டு போனில் இரண்டு விடை வைத்துக்கொண்டு அடித்துக்கொள்ளாத குறையாக வந்த பிள்ளைகளை, மூன்றாவதாக ஒரு புத்தகத்தைப் பிரிக்க வைத்து, எது எப்போது எழுதப்பட்டது, யார் எழுதியது என்று கேட்க வைத்தார் அந்த அம்மா. கடைசியில் இரண்டு விடையும் தப்பு.

சரி, காணாமற்போன புத்தகங்களுக்கு வருகிறேன். அறிக்கை எழுதிக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது. ஆனால் விடை தெரியாமல் ஒரு கணக்கை மூடி வைக்க எனக்கு வராது. யார் கடைசியாக எடுத்தார்கள் என்று கேட்டுக்கொண்டு நானே தேடிப் போனேன்.

முதலில் நம் வேன் ஓட்டுநர். மோட்டார் வண்டிகளைப் பற்றிய புத்தகம் ஒன்று அவர் மகள் பெயரில் போயிருந்தது. வேனுக்குள் ஏறிப் பார்த்தால், ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. பக்கமெல்லாம் எண்ணெய்க் கறை. பிடிபட்ட முகத்தோடு சொன்னார் மனிதர்: "எம் பொண்ணு அப்பவே முடிச்சிட்டா டீச்சர். நான்தான் இன்னும் பாதியிலயே நிக்கிறேன். வண்டி நின்னாத்தான படிக்க முடியும்?" அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் போன மாதம் வழியில் நின்ற வேனை அவரே சரிசெய்தாராம். உங்கள் பிள்ளைகள் அன்று நேரத்துக்கு வீடு வந்தார்கள்.

அடுத்து ஒரு வீடு. மூடியிருந்தது. வேலை முடிந்ததும் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். வீட்டுச் சொந்தக்காரர் சொன்னார், கட்டிலைக்கூட விட்டுவிட்டுப் போனவர்கள், அந்தச் சின்னப் பெண் மட்டும் ஒரு புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வண்டி ஏறினாள் என்று. நம் புத்தகம். திரும்பி வராது. அது போனது போனதுதான்.

மழைநாளில் கூரை ஒழுகி ஊறிப்போனவை சில. ஒரு வீட்டில் பழைய காகிதத்தோடு எடைக்கே போட்டிருக்கிறார்கள். அதையும் மறைக்கவில்லை. தராசு என்று பேர் வாங்கிவிட்டு ஒரு தட்டை மட்டும் உங்களுக்குக் காட்டினால் நன்றாக இருக்காது.

தலைவர் அவர்கள் துண்டுச் சீட்டு நீட்டுகிறார். பார்த்துவிட்டேன், ஐயா. முடிவை நெருங்கிவிட்டேன்.

பொருளாளர் கேட்கிறார்: பொதுச்சொத்து ஆயிற்றே, யாராவது பொறுப்பு ஏற்க வேண்டாமா? நியாயமான கேள்வி. நானும் ஒன்று கேட்கிறேன். ஆண்டுதோறும் எனக்குப் பெட்டி பெட்டியாகச் சாக்பீஸ் கொடுக்கிறீர்கள். ஆண்டு முடிவில் ஒரு துண்டுகூட மிஞ்சுவதில்லை. அந்தச் சாக்பீஸ் எங்கே என்று என்னை யாராவது கேட்டீர்களா? விளையாட்டு ஆசிரியர் வாங்கிய பந்து வெடிக்கிறது. அவர் சம்பளத்தில் பிடித்தீர்களா? ஆய்வகத்தில் அமிலம் தீர்கிறது. தீராமல் இருந்தால் அல்லவா ஏன் சோதனையே செய்யவில்லை என்று கேட்பீர்கள்? சாக்பீஸ் தேயலாம், பந்து தேயலாம், பெஞ்சு தேயலாம், எங்கள் தொண்டை தேயலாம். புத்தகம் மட்டும் ஊரெல்லாம் படித்த பிறகும் வாங்கிய அன்று இருந்தபடியே வந்து நிற்க வேண்டுமா? எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது போதாதா நமக்கு?

அறிக்கை எழுதிய மறுநாள் நூலகத்துக்குப் போனேன். அம்மா பசைக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். வீட்டில் இரண்டு பிள்ளைகள், அரைச் சம்பளம். பிடித்தம் வந்தால் எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, உங்களைக் கேட்காமல்தான் சொல்கிறேன்.

"சம்பளம் போனா போகட்டும் டீச்சர், எப்படியாவது பாத்துக்குவேன். ஆனா ஒரு தடவ பிடிச்சிட்டா அடுத்த வருஷம் நானும் பூட்டிடுவேன். என்னைய அறியாமலே பூட்டிடுவேன். அத நெனச்சாத்தான் பயமா இருக்கு."

கேட்டீர்களா? பணம் போய்விடும் என்று அவர் பயப்படவில்லை. தான் மாறிவிடுவோம் என்று பயப்படுகிறார். பூட்டு சாரும் அப்படி மாறியவர்தானே? ஒரு நல்ல மனிதரை ஒருமுறை அப்படி மாற்றியது இந்த விதி. இன்று நீங்கள் தூக்கும் கை இரண்டாவது முறை அதைச் செய்யப்போகிறது. அந்த அம்மா மேல் தட்டிலிருந்து புத்தகங்களை இறக்கிவிடுவார். பக்கத்துப் பள்ளிக்குப் பெட்டி போகாது. வீட்டுக்குப் புத்தகம் வராது. அடுத்த ஆண்டு இருப்பு மிகச் சரியாக இருக்கும். நானே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன்.

நான் கூடுதல் பணம் கேட்கவில்லை. கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், பொருளாளர் அவர்கள் குறித்துக்கொள்ளட்டும். நான் கேட்பது இரண்டே. இந்தத் தீர்மானத்தைத் தள்ளுங்கள். அந்த விதியையும் எடுத்துவிட்டு, ஆண்டுதோறும் சாக்பீஸ் தேய்வதைப் போலப் புத்தகமும் ஓரளவு தேயும், தொலையும் என்று இந்தப் பேரவை ஒத்துக்கொள்ளட்டும். வேண்டுமென்றே பாழாக்கினால் பாழாக்கியவரைக் கேளுங்கள். படிக்கக் கொடுத்தவரைக் கேட்காதீர்கள்.

கை தூக்குவதற்கு முன் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. சரிபார்ப்பை இந்த மண்டபத்திலேயே முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன். இந்தப் பள்ளி நூலகத்தின் புத்தகம் ஒன்று இப்போது உங்கள் வீட்டில் இருந்தால், அதை உங்கள் பிள்ளை படித்தாலும் நீங்கள் படித்தாலும், இன்னும் யாரும் பிரிக்காமல் அலமாரி மேல் கிடந்தாலும், தயவுசெய்து எழுந்து நில்லுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். நான் இருக்கிறேன்.

யாரும் எழவில்லை. பரவாயில்லை, பரீட்சை அறையிலும் முதல் நிமிடம் இப்படித்தான் இருக்கும். காத்திருக்கிறேன்.

அதோ ஒருவர் எழுந்தார். நன்றி, ஐயா. பக்கத்தில் அந்த அம்மா. மூன்றாம் வரிசையில் இருவர். ஒன்று இல்லை இரண்டு இருக்கிறது என்று விரலைக் காட்டுகிறீர்கள், நல்லது. சுவரோரத்தில் முன்பே நிற்கிறீர்களே, நீங்கள் எல்லாம் எந்தக் கணக்கு? கையைத் தூக்குங்கள். அடேயப்பா, இத்தனை பேரா? ஆசிரியர் வரிசையிலும் எழுகிறார்கள். தாய்மார்கள் வரிசையில், பச்சைப் புடவை கட்டிய அம்மா, நீங்களுமா? பொருளாளர் அவர்களே, திரும்பிப் பார்க்காதீர்கள். ஆம், உங்கள் வீட்டு அம்மாதான். என்ன சொல்கிறீர்கள் அம்மா? தைத்துப் பழகும் புத்தகமா? சட்டைக்குக் கை வைத்துத் தைக்கும் பாடம் இன்னும் முடியவில்லையா? முடித்துவிட்டே கொடுங்கள். பொருளாளர் அவர்களே, நீங்கள் இப்போது போட்டிருக்கும் சட்டையை யார் தைத்தார் என்று வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர் சிரிக்கிறார். எழுதி வைத்த தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கிறார். அதற்கு மேல் நான் அவரை எதுவும் கேட்கவில்லை. முடிவு உங்கள் கையில், எல்லோர் கையிலும் இருக்கிறது.

தேடிப் போன இடமெல்லாம் சுற்றிவிட்டு, தொலைந்தவற்றில் மீதி எங்கே என்று தெரியாமல்தான் இந்த மேடை ஏறினேன். இப்போது தெரிகிறது. எதிரே நிற்கின்றன. மூச்சு விடுகின்றன. நம் நூலகம் அந்த அறைக்குள் அடங்கவில்லை, அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

கடைசி வரிசையில் ஏன் ஒருவர் எழுகிறார்? நூலகர் அம்மா, நீங்கள் உட்காருங்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்காருங்கள். இவ்வளவு நாளும் எங்களுக்காக நின்றீர்கள். இன்று நாங்கள் நிற்கிறோம்.

பொறுத்துக் கேட்ட பெரியோர்களுக்கும், எழுந்து நின்ற தாய்மார்களுக்கும் தந்தையர்க்கும், சீட்டைக் கொடுத்துவிட்டு மறந்ததுபோல் விட்டுவைத்த தலைவர் அவர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.